பொதுப்பணத்தின் காவலர் சார்லஸ் டாவ்ஸ்

நுழையும்முன்

வரி திரட்டுவது அரசின் கடமைகளுள் ஒன்று. திரட்டிய வரியைத் தேவையறிந்து செலவிடுவது அதனினும் அரிய கடமை. துறைக்கு ஒதுக்கப்பட்ட பணத்தை முழுவதும் செலவிட்டவரே திறமையான அலுவலர் என்னும் எண்ணம் பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. மிச்சப்படுத்துவதும் திறமையே என்று அரசு அலுவலர்களை எண்ணச் செய்ய முயன்றவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆண்டு முடிவின் அவசரம்

அரசின் ஒவ்வொரு துறைக்கும் ஆண்டுதோறும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ பணம் ஒதுக்குகிறது. அப்பணத்தைக் குறிப்பிட்ட ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தாத தொகை, ஆண்டு முடிந்ததும் துறையின் கையை விட்டுப் போய்விடும். நம் நாட்டில் நிதியாண்டு மார்ச் 31ஆம் நாள் முடிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது ஜூன் 30ஆம் நாள் முடிந்தது.

இம்முறை பொதுப்பணத்தைக் காப்பதற்காகவே ஏற்பட்டது. மக்கள் பேராளர்களின் இசைவின்றி ஒரு துறை பணத்தைப் பல ஆண்டுகள் தேக்கி வைத்துக்கொள்வதை அது தடுக்கிறது. ஆயினும் அதனால் எதிர்பாராத தீமை ஒன்றும் விளைந்தது. பணம் மிஞ்சினால் அது பறிபோகும். அதோடு, இவ்வளவு போதுமென்றால் அடுத்த ஆண்டு இவ்வளவே தரலாம் என்று ஒதுக்கீடும் குறையும். ஆகவே சிக்கனமாக நடந்த அலுவலர் இழப்புக்கு உள்ளானார். கடைசி வாரங்களில் தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவித்தவர் தம் ஒதுக்கீட்டைக் காத்துக்கொண்டார். இந்த முரணை நேருக்கு நேர் எதிர்கொண்டவருள் முதன்மையானவர் சார்லஸ் கேட்ஸ் டாவ்ஸ்.

இளமையும் தொழிலும்

டாவ்ஸ் 1865ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் ஒகையோ மாநிலத்தின் மரியெட்டா நகரில் பிறந்தார். தந்தை ரூபஸ் டாவ்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றியவர். மரியெட்டா கல்லூரியில் பட்டம் பெற்ற டாவ்ஸ், சின்சினாட்டியில் சட்டம் பயின்றார். 1887இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்குச் சென்று வழக்கறிஞரானார். அங்கே இரயில்வே நிறுவனங்கள் விதித்த மிகையான சரக்குக் கட்டணங்களை எதிர்த்து வழக்காடினார். அந்நகரின் பல்கலைக்கழகத்தில் படைப்பயிற்சி அளித்து வந்த ஜான் பெர்ஷிங் என்னும் இளம் அலுவலர் அவருக்கு நண்பரானார். அந்நட்பு பின்னாளில் இருவர் வாழ்விலும் பெரும்பங்கு வகித்தது.

1893இல் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி டாவ்ஸையும் பாதித்தது. பின்னர் அவர் எரிவாயு வழங்கும் நிறுவனங்களில் ஈடுபட்டுச் சிக்காகோ நகருக்கு அருகிலுள்ள எவன்ஸ்டனில் குடியேறினார். 1896ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் தேர்தலில் வில்லியம் மெக்கின்லியின் வெற்றிக்காக இல்லினாய் மாநிலத்தில் உழைத்தார். வெற்றி பெற்ற மெக்கின்லி, தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் உயர்பதவியை 1898இல் அவரிடம் ஒப்படைத்தார். அப்போது டாவ்ஸுக்கு வயது 32. 1901இல் அப்பதவியிலிருந்து விலகி, அடுத்த ஆண்டு சிக்காகோவில் ஒரு வங்கியைத் தொடங்கினார்.

1912இல் அவருடைய ஒரே மகன் ரூபஸ் ஏரியில் மூழ்கி இறந்தார். அத்துயரை டாவ்ஸ் தொண்டாக மாற்றினார். வேலையும் வீடும் இல்லாத ஆடவர் தங்குவதற்காக மகனின் பெயரால் சிக்காகோவிலும் பாஸ்டனிலும் விடுதிகள் அமைத்தார். அங்கே தங்குவோரிடம் மிகக் குறைந்த கட்டணம் பெறப்பட்டது. வறியவரின் தன்மதிப்பு குலையாமல் உதவ வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

போர்க்களத்துக் கொள்முதல்

1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. ஐம்பது வயதைக் கடந்திருந்த டாவ்ஸ் பொறியாளர் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்து பிரான்சு சென்றார். அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தலைவர், லிங்கன் நகர நண்பர் பெர்ஷிங். படைகளுக்கான கொள்முதல் முழுவதையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை அவர் டாவ்ஸிடம் அளித்தார்.

அப்போது நிலைமை சீர்கெட்டிருந்தது. ஒரே படையின் உணவுப் பிரிவும் மருத்துவப் பிரிவும் பொறியியல் பிரிவும் ஒரே சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பொருள் வாங்கின. அதனால் விலை ஏறியது. ஒரு பிரிவில் தேங்கிக் கிடந்த பொருளை மற்றொரு பிரிவு புதிதாக வாங்கியது. டாவ்ஸ் எல்லாப் பிரிவுகளையும் ஒரே வாரியத்தின்கீழ்க் கொண்டுவந்து போட்டியை ஒழித்தார். கப்பல்களில் இடம் அரிதாயிருந்ததால், ஐரோப்பாவில் கிடைக்கும் பொருள்களை அங்கேயே வாங்கச் செய்தார். போர் முடிந்ததும், பிரான்சில் குவிந்திருந்த அமெரிக்கப் படைப்பொருள்களை விற்றுத் தீர்க்கும் ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். அப்பொருள்கள் 40 கோடி டாலருக்குப் பிரான்சு அரசுக்கு விற்கப்பட்டன.

1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போர்க்காலச் செலவுகளை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு டாவ்ஸை விசாரித்தது. மிகை விலை கொடுத்தது ஏன் என்னும் கேள்வி அவருக்குச் சினமூட்டியது. களத்தில் வீரர்கள் உயிர்விடும் வேளையில், பொருள் காலத்தில் சென்று சேர்வதே முதன்மை என்றும், விலைபேசிக் காலம் கடத்துவது குற்றம் என்றும் அவர் கடுஞ்சொற்களால் விடையளித்தார். நாளிதழ்கள் அவ்விடையை நாடெங்கும் பரப்பின. போரில் தாராளமாகச் செலவிட்டதை இவ்வாறு ஆதரித்துப் பேசிய அதே மனிதர், சில மாதங்களில் நாட்டின் சிக்கனத்துக்குப் பொறுப்பேற்றார். இதில் முரண்பாடு இல்லை. நோக்கத்துக்குத் தேவையானதைத் தயங்காமல் செலவிடுவதும், தேவையற்றதை ஒரு காசும் செலவிடாதிருப்பதும் ஒரே பண்பின் இரு முகங்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வரவுசெலவுத் திட்டப் பணியகம்

போர் அமெரிக்காவைக் கடனில் ஆழ்த்தியிருந்தது. போருக்கு முன் சுமார் 120 கோடி டாலராக இருந்த நாட்டுக்கடன், 1919இல் 2,500 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை அந்நாட்டில் ஒருங்கிணைந்த வரவுசெலவுத் திட்டம் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் தேவையைத் தானே மதிப்பிட்டது. அம்மதிப்பீடுகள் தொகுக்கப்பட்டு நாடாளுமன்றமாகிய காங்கிரசுக்குச் சென்றன. அவற்றை ஒருசேர வைத்து ஆராயும் பொறுப்பு குடியரசுத்தலைவரிடம் இருக்கவில்லை.

1921ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், குடியரசுத்தலைவர் வாரன் ஹார்டிங் வரவுசெலவுத் திட்டம், கணக்கியல் ஆகியவை பற்றிய சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டம் இரண்டு அமைப்புகளைத் தோற்றுவித்தது. ஒன்று, குடியரசுத்தலைவருக்காகச் செலவுத்திட்டத்தை உருவாக்கும் வரவுசெலவுத் திட்டப் பணியகம். மற்றொன்று, கணக்குகளைத் தணிக்கை செய்யும் தனி அலுவலகம். பணியகத்தின் முதல் இயக்குநராக டாவ்ஸ் பொறுப்பேற்றார். ஓராண்டு மட்டுமே பணியாற்றுவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

தம் அலுவலகத்தின் எல்லையை அவர் தெளிவாக வரையறுத்தார். எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானிப்பவர் மக்கள் பேராளர்கள். தீர்மானித்ததை எவ்வளவு குறைந்த செலவில் நிறைவேற்றலாம் என்று காண்பதே பணியகத்தின் வேலை. வெள்ளை மாளிகையின் படிகளில் குப்பையைக் கொட்டுமாறு காங்கிரசு சட்டம் இயற்றினாலும், அதனைச் சிக்கனமாகக் கொட்டும் வழியைக் கூறுவதே தம் கடமை என்று அவர் நகைச்சுவையோடு விளக்கினார். இந்த வரையறையால் பணியகம் கட்சிச் சண்டைகளில் சிக்காமல் தப்பியது.

பணியகத்தையும் சிறியதாகவே அமைத்தார். துறைகளை ஒருங்கிணைக்கும் பணிக்குத் தரைப்படையிலும் கடற்படையிலும் ஏற்கெனவே ஊதியம் பெற்று வந்த அலுவலர்களை அழைத்துக்கொண்டார். சிக்கனத்தைப் போதிக்கும் அலுவலகம் தானே அதற்குச் சான்றாக நிற்க வேண்டும் என்று அவர் கருதினார்.

மிச்சத்துக்கு ஓர் இடம்

1921ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், வாஷிங்டன் நகரில் இதுவரை நடந்திராத ஒரு கூட்டம் நடைபெற்றது. குடியரசுத்தலைவரும் அமைச்சர்களும் துறைப்பிரிவுகளின் தலைவர்களும் ஓர் அரங்கில் கூடினர். ஒரு பெரிய நிறுவனத்தின் கிளைத் தலைவர்களைப்போல அவர்கள் அனைவரும் ஒரே தலைமையின்கீழ் இயங்க வேண்டும் என்று டாவ்ஸ் எடுத்துரைத்தார். ஒத்துழைக்க இசைவோர் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொண்டார். கூடியிருந்தோர் எழுந்து நின்றனர்.

இது வெறும் சடங்கு அன்று. தாம் மிச்சப்படுத்தினால் பக்கத்துத் துறை பயனடையும் என்னும் அச்சம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருந்தது. எல்லாரும் ஒருசேர உறுதி ஏற்கும்போது அவ்வச்சம் குறையும். மேலும், சேமிப்பது நாட்டுத்தலைவரின் நேரடி விருப்பம் என்பது தெரிந்தபின், சேமித்தவரைத் திறமையற்றவர் என்று எவரும் கூற இயலாது.

உறுதிமொழியோடு டாவ்ஸ் நின்றுவிடவில்லை. ஜூலை மாதம் தொடங்கிய புதிய நிதியாண்டில் பொது இருப்பு என்னும் முறையைக் கொண்டுவந்தார். இதன்படி, ஒவ்வொரு பிரிவின் தலைவரும் ஆண்டின் தொடக்கத்திலேயே தமக்கு ஒதுக்கிய தொகையை ஆராய வேண்டும். பணி தடைப்படாமல் நடக்க இன்றியமையாத தொகை எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். எஞ்சியதைப் பொது இருப்பாகத் தனியே நிறுத்தி வைக்க வேண்டும். எதிர்பாராத தேவை எழுந்தால் உரிய ஒப்புதலோடு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எழாவிட்டால் அது கருவூலத்துக்கே உரியது.

இம்முறையின் நுட்பம் கருதத்தக்கது. ஆண்டின் இறுதியில் மிச்சத்தைத் தேடினால் எதுவும் மிஞ்சாது. தொடக்கத்திலேயே எடுத்து வைத்தால் மிஞ்சும். நல்ல இல்லறத்தார் மாத வருவாயில் சேமிப்பை முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியதைச் செலவிடுவது போன்றது இது. நெருக்கடி வந்தால் கைகொடுக்கும் என்னும் நம்பிக்கை இருந்ததால் அலுவலர் அஞ்சாமல் இருப்பு வைக்க முடிந்தது. ஒதுக்கீடு என்பது செலவின் உச்ச எல்லையே. முழுவதும் செலவிட்டாக வேண்டும் என்னும் கட்டளை அன்று. இக்கருத்தை நடைமுறை விதியாக மாற்றியதே டாவ்ஸின் அருஞ்செயல்.

இரண்டு துடைப்பங்கள்

அடுத்ததாக, துறைகளுக்கு இடையே நின்ற சுவர்களை அகற்ற முனைந்தார். கொள்முதல், சரக்குப் போக்குவரத்து, பொருள்களின் தர வரையறை, மிகைப்பொருள் விற்பனை ஆகியவற்றுக்குப் பொதுவான வாரியங்களை அமைத்தார். ஒரு துறையில் பயனின்றிக் கிடக்கும் பொருளை, அதை வாங்கவிருக்கும் மற்றொரு துறைக்கு மாற்ற அவை வழிசெய்தன.

1922ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த இரண்டாவது கூட்டத்துக்கு டாவ்ஸ் துடைப்பங்களைக் கையில் ஏந்தி வந்தார். தரைப்படையிடம் போர்க்காலத்துத் துடைப்பங்கள் ஏராளமாகத் தேங்கிக் கிடந்தன. கடற்படையோ தன் தர வரையறைக்கு அவை பொருந்தவில்லை என்று கூறிப் புதிய துடைப்பங்களை வாங்கியது. இரு துடைப்பங்களுக்கும் இருந்த வேறுபாடு மிகச் சிறியது. தரையைப் பெருக்குவதில் வேறுபாடே இல்லை. உயர் அலுவலர்கள் நிறைந்த அவையில் அவ்விரண்டையும் உயர்த்திக் காட்டி, இதற்காகவா மக்கள் வரி செலுத்துகிறார்கள் என்னும் பொருள்பட முழங்கினார். நூறு பக்க அறிக்கை உணர்த்த இயலாததை இரண்டு துடைப்பங்கள் உணர்த்தின.

பயனும் எல்லையும்

1921ஆம் ஆண்டு ஜூனில் முடிந்த நிதியாண்டில் அமெரிக்க நடுவண் அரசு ஏறத்தாழ 506 கோடி டாலர் செலவிட்டது. அடுத்த ஆண்டில் அது ஏறத்தாழ 329 கோடியாகவும், அதற்கடுத்த ஆண்டில் 314 கோடியாகவும் குறைந்தது. இக்குறைவு முழுவதையும் டாவ்ஸின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. போர் முடிந்து படைகள் கலைந்ததே இதற்குப் பெருங்காரணம். பணியகம் கூறிய சேமிப்புத் தொகையைப் பற்றிக் காங்கிரசு உறுப்பினர் சிலர் அக்காலத்திலேயே ஐயம் எழுப்பினர். எனினும் செலவைக் குறைப்பது இயலும் என்பதும், அதற்குத் தலைமையின் இடையறாத கவனம் வேண்டும் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டன.

சொன்னபடியே 1922ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் டாவ்ஸ் பதவி விலகினார். அவருக்குப் பின் இயக்குநரான ஹெர்பர்ட் லார்ட் அவ்வழியைத் தொடர்ந்தார். ஒதுக்கீட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு மிச்சப்படுத்தும் பிரிவுகளுக்காக இரண்டு விழுக்காட்டுக் கழகம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். அதில் இடம்பெறுவது பெருமையாகக் கருதப்பட்டது. செலவிடாதவர் இழப்புக்கு உள்ளாகும் நிலையை மாற்றி, அவரைப் பாராட்டுக்கு உரியவராக்கும் முயற்சி அது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. சேமிப்பு என்னும் பெயரால் செய்ய வேண்டிய பணியைச் செய்யாமல் விடுவது சிக்கனம் ஆகாது. மருந்து வாங்காத மருத்துவமனையும் நூல் வாங்காத நூலகமும் பணத்தை மிச்சப்படுத்தலாம்; கடமையை நிறைவேற்றியவை ஆகா. பணி முழுமையாக முடிந்தபின் எஞ்சுவதே உண்மையான மிச்சம். இன்றியமையாத தொகையை முதலில் கணக்கிடுமாறு டாவ்ஸ் விதித்ததன் காரணம் இதுவே.

புகழும் சோதனையும்

போரில் தோற்ற ஜெர்மனி, வென்ற நாடுகளுக்கு இழப்பீடு செலுத்த இயலாமல் தவித்தது. 1923இல் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் பகுதியில் படையை நிறுத்தின. மீண்டும் போர் மூளுமோ என்று ஐரோப்பா அஞ்சியது. இச்சிக்கலை ஆராய அமைந்த வல்லுநர் குழுவுக்கு டாவ்ஸ் தலைமை தாங்கினார். முதலாண்டில் 100 கோடி பொன் மார்க்கில் தொடங்கிப் படிப்படியாக 250 கோடி வரை ஜெர்மனி செலுத்தவும், அதன் நாணயத்தை நிலைநிறுத்த 80 கோடி பொன் மார்க் கடன் வழங்கவும் 1924இல் அக்குழு பரிந்துரைத்தது. ஒருவரின் செலுத்தும் ஆற்றலை அறிந்தே சுமையை ஏற்ற வேண்டும் என்னும் நிதியறிவு அதில் வெளிப்பட்டது. டாவ்ஸ் திட்டம் எனப் புகழ்பெற்ற இதற்காக, 1925ஆம் ஆண்டுக்குரிய அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் பிரிட்டனின் ஆஸ்டன் சேம்பர்லினுக்கும் வழங்கப்பட்டது. பரிசுத் தொகையை டாவ்ஸ் பன்னாட்டு உறவுகள் பற்றிய கல்விக்கு அளித்துவிட்டார்.

1925 முதல் 1929 வரை கால்வின் கூலிட்ஜின்கீழ்த் துணைக் குடியரசுத்தலைவராகவும், பின்னர்ப் பிரிட்டனுக்கான தூதராகவும் பணியாற்றினார். 1932இல், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, நலிந்த வங்கிகளுக்குக் கடன் வழங்கும் அரசு நிறுவனத்தின் முதல் தலைவரானார். அதிலிருந்து விலகிய சில நாள்களில், அவருடன் தொடர்புடைய சிக்காகோ வங்கி சரியும் நிலையை அடைந்தது. அவ்வங்கிக்கு அதே அரசு நிறுவனம் 9 கோடி டாலர் கடன் வழங்க முன்வந்தது. இதனால் டாவ்ஸ் கடும் கண்டனத்துக்கு ஆளானார். பொதுப்பணத்தைக் கையாள்வோர் தவறின்றி நடந்தால் மட்டும் போதாது, ஐயத்துக்கும் இடந்தரலாகாது என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

டாவ்ஸ் 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் எவன்ஸ்டனில் தம் 85ஆம் வயதில் மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

இசை பயின்ற டாவ்ஸ் வயலினுக்காக ஓர் இசைக்கோவையை இயற்றியிருந்தார். 1951இல் அதற்குப் பாடல் வரிகள் எழுதப்பட்டன. 1958இல் அப்பாடல் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்றது.

பொதுப்பணம் யாருடையது?

பொதுப்பணம் எல்லாருக்கும் உரியது. ஆதலால் எவரும் அதனைத் தமதாகக் கருதிக் காப்பதில்லை. சட்டத்தால் செலவைக் கட்டுப்படுத்தலாம். தணிக்கையால் தவற்றைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் தேவையற்ற பொருளை வாங்காமல் விடும் முடிவு, எங்கோ ஒரு மேசையின் முன் அமர்ந்திருக்கும் ஓர் அலுவலரின் மனத்தில்தான் பிறக்கிறது. அம்முடிவால் அவருக்கு இழப்பு நேராது என்னும் உறுதியை அரசு தர வேண்டும். டாவ்ஸ் தம் ஓராண்டுப் பணியில் செய்ய முயன்றது அதுவே. நாளை அத்தகைய மேசைகளின் முன் அமரவிருக்கும் இன்றைய மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் பயன்படாமல் தேங்கியிருக்கும் பொருள்களைப் பட்டியலிட்டு, அவை யாருக்குப் பயன்படும் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

2. சிக்கனம், கருமித்தனம் ஆகியவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை டாவ்ஸின் வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.

3. மிச்சப்படுத்தும் துறைக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைக்கலாமா என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.